பதிவாகாத ஒரு மணி நேரம்

கோப்பு இருந்தது. என்னை முதலில் ஏமாற்றியது அதுதான். ‘தாத்தா 1’ என்று பெயர், பக்கத்தில் தேதி, 1 மணி 42 நிமிடம் என்று நீளம். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ப்ளே அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. வால்யூமை முழுசாக ஏற்றினேன். நடுவுக்குத் தள்ளிப் பார்த்தேன், கடைசிக்குப் போனேன். பேச்சுக்கு ஏற்ப மேலும் கீழும் துள்ளியிருக்க வேண்டிய அலைக்கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராகக் கிடந்தது.

முதல் நாள் மாலை, முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையில் தாத்தா பேசியிருந்தார். பல வருடமாகக் கேட்டும் வாயைத் திறக்காத விஷயம். போனைப் பார்த்தால் கூச்சப்படுவார் என்று, ரெக்கார்டரை ஓடவிட்டு, திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்திருந்தேன். அவர் பேசிக்கொண்டே போனார். நானும் குறுக்கே பேசாமல் கேட்டேன். எதையும் குறித்துக்கொள்ளவில்லை. எதற்குக் குறிக்க வேண்டும், போன்தான் கேட்டுக்கொண்டிருக்கிறதே என்ற தைரியம்.

நான் பல வருடமாகக் கேட்டது ஒரே கேள்விதான்: “பெரிய தாத்தா கையெழுத்துப் போட்டார், நீங்க ஏன் போடல?”

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் ஊர் மக்கள் இல்லை, மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்த பிரதிநிதிகள். மொத்தம் 178 பேர். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1956இல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்றுக்கொள்ள மேலும் 6 வருடம் ஆனது. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியானது. அன்றிலிருந்து 6 மாதம் கெடு. இங்கேயே பிறந்து இங்கேயே இருக்கிற பிரெஞ்சுக் குடிமகன் எதுவும் செய்யாமல் சும்மா இருந்தால் இந்தியக் குடிமகன் ஆகிவிடுவான். பிரெஞ்சுக்காரனாகவே தொடர வேண்டும் என்றால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இன்றைக்கும் இந்த ஊரில் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குப் பிரெஞ்சு பென்ஷன் வருகிறது, அடுத்த வீட்டில் ரேஷன் அட்டை இருக்கிறது என்றால், பாதிக் கதை அந்த 6 மாதத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, ஊர் பாஷையில் ‘சொல்தா’ ஆகி, பிரான்சிலேயே தங்கிவிட்டார். தம்பி எழுதிக் கொடுக்கவில்லை. அந்தத் தம்பி என் தாத்தா. அப்போது அவருக்கு 23 வயது.

அன்று மாலை அவர் சொன்னதில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது இது. அவரும் ஒரு காகிதம் எழுதி வைத்திருந்தார். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பல நாள் சுற்றியிருக்கிறார். ஒரு காலையில் கொடுத்துவிடுவது என்று கிளம்பினார். வாசலில் அவருடைய அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா மொகத்தப் பாத்தேன். ஒரு மாதிரி …மாப் போச்சு. திரும்பி வந்துட்டேன்.”

அந்த இடைவெளியில் ஒரு சொல் இருந்தது. ‘பயமாப் போச்சு’ என்றாரா, ‘பாவமாப் போச்சு’ என்றாரா? அவருக்குப் பல் இல்லை, குரலும் இறங்கியிருந்தது. தெருவில் ஒரு டிவிஎஸ் போனது. போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும் என்று அப்போது நினைத்தது மட்டும் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது.

எது செத்துப்போயிருக்கிறது?

போன் மைக் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது ஆஃப் செய்து ஆன் செய்வது. நானும் செய்தேன். கோடு நேராகவே இருந்தது.

அடுத்து அம்மாவுக்கு போன் செய்தேன். “ஹலோ, ஹலோ, கேக்குதா?” அம்மா, “யாரு? பேசுங்க” என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன். உடனே, “என்னடா, கிணத்துக்குள்ளருந்து பேசற மாதிரி இருக்கு” என்றாள். பிறகு செல்ஃபி கேமராவில் வீடியோ எடுத்தேன். அதில் என் குரல் சன்னமாக இருந்தது. வாட்ஸ்அப்பில் குரல் செய்தி பதிந்தேன். மௌனம்.

குழப்பமாகத் தெரிந்தாலும் இது நல்ல தடயம். நம் போனில் மைக் ஒன்று மட்டும் இல்லை. இரண்டு, மூன்று, சிலவற்றில் நான்குகூட இருக்கும். கீழே, சார்ஜர் சொருகும் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதுதான் பேசுவதற்கான முக்கிய மைக். மேல் விளிம்பில் இன்னொன்று சுற்றுப்புறச் சத்தத்தைக் கேட்டு, அதைப் பேச்சிலிருந்து கழிப்பதற்காக இருக்கும். கேமரா பக்கத்தில் ஒன்று இருக்கலாம். நிறைய போன்களில் ஸ்பீக்கர் போட்டாலோ வீடியோ எடுத்தாலோ வேலை மேல் மைக்குக்கு மாறிவிடும். ஆக, மேல் காது நன்றாக இருக்கிறது, கீழ்க் காதுதான் செவிடு.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இன்னும் சில இருந்தன. செட்டிங்ஸில் அந்த ரெக்கார்டர் ஆப்புக்கு மைக் அனுமதி இருக்கிறதா? இருந்தது. புளூடூத் இணைப்பில் ஏதாவது இயர்பட்ஸ் இருக்கிறதா? இருந்தால் போன் அதன் மைக்கை நம்பிக்கொண்டு, பையில் கிடக்கிற அதை உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கும். இல்லை. ஆண்ட்ராய்டு 12இலிருந்து, அதாவது 2021க்குப் பிறகு வந்த போன்களில், மேலிருந்து இழுக்கும் பட்டியலில் மைக்கை மொத்தமாக மூடுகிற பொத்தான் ஒன்றை வைக்க முடியும். அது தவறுதலாக அழுந்தியிருக்கிறதா? இல்லை. வேறு ஏதாவது ஆப் மைக்கைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று சேஃப் மோடில் போட்டுப் பார்த்தேன். அதுவும் இல்லை.

இதில் அந்தப் பொத்தான் விஷயம் என்னைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தது. அது மூடியிருக்கும்போது ஆப்புக்குப் போவது வெறும் மௌனம். ஆப் அதையும் குரலாகவே எடுத்துக்கொண்டு, நிமிடம் எண்ணி, கோப்பாகச் சேமித்துப் பெயரும் வைக்கும். செத்த மைக்கும் இதையேதான் செய்கிறது. பழைய கேசட்டில் மைக் வேலை செய்யாவிட்டாலும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல் இருக்கும். பழைய டெலிபோன் கெட்டால் கொரகொரக்கும். அந்தக் காலத்துக் கருவிகள் கெட்டால் ஒரு சத்தம் போட்டுத்தான் கெட்டன. இது சத்தமே போடாமல் கெட்டிருந்தது.

தட்டு, ஊது, ஒன் டூ த்ரீ

மைக்கின் வரலாற்றை அதைச் சரிசெய்த கைகளின் வரலாறாகவும் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

1877இல் அமெரிக்காவில் எமில் பெர்லினர், எடிசன் இருவரும் தனித்தனியாக ஒரே யோசனைக்கு வந்தார்கள். யார் முதலில் என்று பிறகு வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. அடுத்த வருடம் லண்டனில் டேவிட் ஹியூஸ் அதை இன்னும் தெளிவாகச் செய்துகாட்டி, ‘மைக்ரோபோன்’ என்ற பெயரைப் பரப்பினார். நுண்ணோக்கி சின்னப் பொருளைப் பெரிதாக்குவதுபோல இது சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கும் என்பது அர்த்தம். அடிப்படை எளிமையானது: கரி. கரித்துண்டுகள் ஒன்றையொன்று அழுத்தினால் மின்சாரம் அதிகம் பாயும், தளர்ந்தால் குறையும். குரலின் அதிர்வு ஒரு தகட்டை அசைக்கிறது, தகடு கரியை அழுத்தியும் தளர்த்தியும் விளையாடுகிறது. குரல் மின்சாரமாகிவிடுகிறது.

வீட்டு டெலிபோனின் ரிசீவரில் நெடுங்காலம் இருந்தது இந்தக் கரித்தூள்தான். நாளாக நாளாக அந்தத் தூள் இறுகிக் கட்டியாகிவிடும், குரல் மங்கும். அப்போது செய்ய வேண்டியது ரிசீவரைத் தட்டுவது. ‘ஒண்ணும் கேக்கல’ என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையில் ரெண்டு தட்டுத் தட்டுவார்களே, அது வெறும் கோபம் இல்லை. தூள் கலையும், குரல் திரும்பும். நம் பெரியவர்கள் எல்லா மின்சாதனத்தையும் தட்டிப் பார்க்கிற பழக்கத்துக்கு ஒரு நல்ல காரணம் இருந்திருக்கிறது.

பிறகு வானொலி நிலையங்களுக்கு ரிப்பன் மைக் வந்தது. காந்தத்தின் நடுவே தொங்கும் மெல்லிய அலுமினியப் பட்டை. அதைத் தட்டவும் கூடாது, ஊதவும் கூடாது. ஊதினால் பட்டை நீண்டு தொங்கிவிடும். ஆனால் நம் ஊர் மேடை மைக்கைப் பார்த்ததும் நம் கை என்ன செய்தது? தட்டியது, ‘ஃபூ ஃபூ’ என்று ஊதியது. காந்தியும் நேருவும் பேசுகிற பழைய புகைப்படங்களில் மைக்கின் மேல் ‘சிகாகோ ரேடியோ’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். பெயரில்தான் சிகாகோ. நிறுவனம் மோட்வானே குடும்பத்தாருடைய இந்திய நிறுவனம். 1930களிலிருந்து காங்கிரஸ் கூட்டங்களுக்கு அவர்கள் ஒலிபெருக்கி கொண்டுபோனார்கள். அதற்கு முன்னால் கடற்கரைக் கூட்டம் என்றால் அடித்தொண்டையிலிருந்து கத்துவதுதான். கூட்டத்தின் அளவைப் பேச்சாளரின் நுரையீரல்தான் தீர்மானித்தது.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மைக் செட்காரர் என்று ஒரு தொழிலே உருவானது. மாசி மகத்துக்கு வைத்திகுப்பம் கடற்கரையில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சாமி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆரம்பித்துவிடுவார்: “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.” எங்களுக்கு அது வேடிக்கை, கூடவே சேர்ந்து கத்துவோம். இப்போது யோசித்தால், எனக்கும் அந்த மைக் செட்காரருக்கும் இருந்த வித்தியாசம் அந்த மூன்று எண்கள்தான். கருவியை நம்பாதது அவர் தொழில் தர்மம். எனக்கு அஞ்சு விநாடி பேசிப் பதிந்து, போட்டுக் கேட்கத் தோன்றவில்லை.

1962இல், எங்கள் வீட்டுக் காகிதம் சட்டைப் பையில் மடிந்து கிடந்த அதே வருடத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் எலெக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார்கள். மெல்லிய டெஃப்லான் தாளில் மின்னூட்டத்தை ஏற்றி, அது வருடக்கணக்கில் தங்கும்படி செய்தார்கள். அதற்கு முன்னால் இந்த வகை மைக்குக்கு வெளியிலிருந்து அதிக மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், விலையும் அதிகம். எலெக்ட்ரெட் வந்தபின் மைக் பட்டாணி அளவுக்குச் சிறுத்து, விலை மலிந்து, கேசட் ரெக்கார்டருக்குள்ளேயே குடிபுகுந்தது. வெளிநாடு போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்ப ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டு பீரோவிலும் மூன்று கேசட் இருக்கிறது, 1980களில் பெரிய தாத்தா பிரான்சிலிருந்து அனுப்பியவை. நாடா முழுக்கப் பூஞ்சை. ஆனாலும் குரல் இருக்கிறது. பனி பெய்வதைப் பற்றியும் அங்கே முருங்கைக்கீரை கிடைக்காததைப் பற்றியும் பேசுகிறார். போனவருடைய குரல் எங்களிடம் இருக்கிறது, இருந்தவருடைய குரல்தான் இல்லை.

சிம் பின்

நேரு வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஆறடிக்கு நாலடி அளவில் ஒரு ரிப்பேர் கடை. அண்ணன் ஒருவர், கண்ணில் லென்ஸ், முன்னால் ஹாட் ஏர் கன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, போனின் கீழ் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தம்பி, சமீபத்துல சிம் மாத்தினீங்களா?”

“ஆமாண்ணே, போன வாரம்.”

“பின்ன எந்த ஓட்டையில குத்தினீங்க?”

சிம் தட்டைத் திறக்கிற ஓட்டையும் மைக் ஓட்டையும் ஏறக்குறைய ஒரே அளவு. சில போன்களில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். நான் முதலில் தப்பான ஓட்டையில் குத்தி, தட்டு வரவில்லையே என்று இன்னும் அழுத்தி, அப்புறம்தான் அடுத்ததில் குத்தினேன். அது அப்போதே எனக்கு மறந்துபோயிருந்தது.

திறந்து காட்டினார். இப்போதைய போன் மைக் அரிசி மணிக்குக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். கணினிச் சில்லு செய்கிற அதே சிலிக்கானில் செதுக்கியது. உள்ளே அதிர்கிற சவ்வு தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. 2000களின் தொடக்கத்தில் இந்த வகை சந்தைக்கு வந்து, கொஞ்ச காலத்தில் எல்லா போனுக்குள்ளும் போய்விட்டது. சில போன்களில் ஓட்டைக்கும் மைக்குக்கும் நடுவே வளைந்த பாதை இருக்கும், பின் போனாலும் தப்பித்துவிடும். என்னுடையதில் பாதை நேர். நடுவில் இருந்த வலை கிழிந்து, ரப்பர் விலகியிருந்தது. அதன் ஓரத்தில் பச்சையாக ஏதோ பூத்திருந்தது.

“இது உப்புக் காத்து. கடல் ஊரு இல்ல? வலை கிழிஞ்சதும் உள்ள பூந்துடும்.”

இந்த போனில் மைக் தனியாக இல்லை, சார்ஜிங் வாய் இருக்கிற சின்ன போர்டிலேயே ஒட்டியிருந்தது. போர்டோடு மாற்றிவிடுவது சுலபம். 450 ரூபாய், அரை மணி நேரம். காத்திருந்தபோது அவர் சொன்னது: வருகிற மைக் கேஸ்களில் நிறைய உண்மையில் மைக் போனதே இல்லை, சட்டைப் பை நூல்தூசியும் கவரும்தான். கவரைக் கழற்றிவிட்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மேலாகத் தட்டினால் போதும். ஊசி, பின் எதுவும் கூடாது. ஏர் பிளோயரும் கூடாது, அந்தக் காற்றின் வேகமே சவ்வைக் கிழிக்கும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். “தட்டுறது, ஊதுறதெல்லாம் அந்தக் காலம் தம்பி.”

புது போர்டு மாட்டியதும் ரெக்கார்டரைத் திறந்து என் பக்கம் நீட்டினார். “ஏதாவது பேசுங்க.” எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. “ஒன், டூ, த்ரீ” என்றேன். கோடு துள்ளியது.

“பழைய கோப்புல ஏதாவது மீட்க முடியுமாண்ணே?”

“உள்ள வந்திருந்தாத்தான தம்பி மீட்கறதுக்கு?”

இந்த ஊரில் யாரும் பதியாதது

கடையிலிருந்து நடந்தே ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு வரைக்கும் வந்தேன். பாரதி வாழ்ந்த வீடு அங்கேதான், இப்போது அருங்காட்சியகம். 1908இலிருந்து 1918 வரை பத்து வருடம் அவர் இந்த ஊரில் இருந்தார். பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் இங்கே எழுதப்பட்டவை. எழுதியதை எல்லாம் பாடிக் காட்டுவார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குரலின் ஒரு விநாடிகூட இன்று இல்லை.

‘அந்தக் காலத்தில் ஏது ரெக்கார்டிங்’ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேதிகளை வரிசையாக வைத்தால் அப்படி இல்லை. பிரான்சில் ஸ்காட் த மார்த்தென்வில் என்பவர் 1860லேயே குரலின் அலையைப் புகைபடிந்த காகிதத்தில் கோடாக வரைந்துவிட்டார். அதைத் திரும்ப ஒலியாக்க அப்போது வழியில்லை. 2008இல் கணினி மூலம் அந்தக் கோட்டைப் பாடவைத்தார்கள். 1877 ஏப்ரலில் ஷார்ல் க்ரோ என்ற பிரெஞ்சுக் கவிஞர், குரலைப் பதிந்து திரும்பக் கேட்கும் கருவிக்கான யோசனையை எழுதி, உறையில் ஒட்டி, பாரிஸ் அறிவியல் கழகத்தில் கொடுத்துவைத்தார். அந்த வருடக் கடைசியில் எடிசன் கருவியையே செய்துவிட்டார். 1902இல் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிந்தார். பாட்டு முடிந்ததும் அவர் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹானோவரில். அங்கே இருக்கிறவர்களுக்கு இது யார் குரல் என்று தெரிய வேண்டுமே. அடுத்த சில வருடங்களில் மதராஸிலும் தட்டுகள் பதிவாயின.

இதற்கெல்லாம் மைக்கே தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1925 வரைக்கும் பாடகர் ஒரு பெரிய கூம்புக்குள் தலையை நீட்டிக் கத்துவார், அந்தக் காற்றழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். மைக் வைத்துப் பதிவது அதற்குப் பிறகுதான்.

1911இல் பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் ஃபெர்தினான் ப்ருனோ பேச்சுக் குரல்களுக்கென்றே ஒரு ஆவணக் காப்பகம் தொடங்கினார். 1913இல் கவிஞர் அப்போலினேர் அங்கே வந்து தன் கவிதைகளைக் கூம்புக்குள் வாசித்தார். அந்தப் பதிவை இன்றும் கேட்கலாம். அதே 1913இல், அதே பிரெஞ்சு அரசாங்கத்தின் இன்னொரு ஊரில், பாரதிக்கு 31 வயது. கருவி இருந்தது, அரசாங்கம் இருந்தது, காப்பகம்கூட இருந்தது. கூம்பை இந்தப் பக்கம் யாரும் திருப்பவில்லை, அவ்வளவுதான். பிரெஞ்சு இந்தியாவில் ஒளிந்து வாழ்ந்த தமிழ்க் கவிஞரின் குரல் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது.

நமக்கு மிஞ்சியது கேட்டவர்கள் எழுதியது. வ.ரா. எழுதினார். சிறுமியாக அவர் வீட்டில் வளையவந்த யதுகிரி அம்மாள் பின்னாளில் நினைவுகளை எழுதினார். பாரதியின் குரல் என்று இன்று நாம் கற்பனை செய்வதெல்லாம் இந்தக் காதுகளின் வழியாக வந்ததுதான்.

அதற்கும் நூற்றைம்பது வருடம் முன்னால் இந்த ஊரில் இன்னொரு காது இருந்தது. துய்ப்ளெக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இலிருந்து 1761 ஜனவரியில் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். கேட்டதையும் பார்த்ததையும் எழுதுவதாகச் சொல்லித்தான் தொடங்குகிறார். கவர்னர் என்ன சொன்னார், தான் என்ன பதில் சொன்னேன், சந்தையில் என்ன வதந்தி என்று, அன்றைக்குப் பேசின தமிழிலேயே, பாரசீகமும் போர்த்துகீசியமும் பிரெஞ்சும் கலந்து, இலக்கணம் பார்க்காமல் எழுதினார். அந்த ஏடுகள் பல காலம் கவனிப்பாரில்லாமல் கிடந்து, 1846இல்தான் கல்லுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டு, நகல் எடுக்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரி எப்படிப் பேசியது என்று நமக்கு ஓரளவு தெரிகிறது என்றால் அது அவர் கையால்தான். ஆனால் பிள்ளைக்கு வேண்டாதவர்கள் சொன்னதை அவர் எப்படிக் கேட்டார், எதை விட்டார் என்று சரிபார்க்க நம்மிடம் வேறு மைக் இல்லை.

தாத்தா 2

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போனேன். இந்த முறை முழு சார்ஜ். நடுவில் கால் வந்தால் பதிவு நின்றுவிடும் என்று ஏரோபிளேன் மோடு. தங்கையின் போனையும் வாங்கி இரண்டாவதாக வைத்தேன். பத்து விநாடி பேசவைத்து ஹெட்போனில் கேட்டுச் சரிபார்த்தேன். கையில் நோட்டு. போன் கவிழ்த்து வைக்கப்படவில்லை, கோடு துள்ளுவது எனக்குத் தெரிந்தது. தாத்தாவுக்கும் தெரிந்தது.

“இன்னாடா, கோர்ட்டுல சாட்சி கேக்கற மாதிரி வந்து உக்காந்திருக்க?”

நடந்ததைச் சொன்னேன். போன வாரம் பேசியது எதுவும் பதியவில்லை என்று. அவர் சிரித்தார். “நல்லதாப் போச்சு.”

கேட்டேன். 1954இல் கொடி மாறிய நாளைப் பற்றி நன்றாகச் சொன்னார், போன வாரத்தைவிட விவரமாக. ஆலை வேலையைப் பற்றிச் சொன்னார். 1962க்கு வந்ததும் சுருக்கிக்கொண்டார். “அண்ணன் குடுத்தான். நான் குடுக்கல. வேலை கெடச்சிருந்துச்சு.” காகிதம் எழுதி வைத்திருந்ததாகச் சொன்னீங்களே? “எழுதினேன். அது எங்கியோ போச்சு.” ஆத்தா வாசல்ல உக்காந்திருந்தாங்கன்னு சொன்னீங்க, தாத்தா. அவர் பதில் சொல்லவில்லை. தங்கையின் போன் திரையில் கோடு அடங்கி, தெருச் சத்தத்துக்கு மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. இதுவும் மௌனம்தான், ஆனால் பதிவான மௌனம். 11 விநாடி. பிறகு எண்ணிப் பார்த்தேன்.

கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, கேட்டுவிட்டேன். “அவங்க மொகத்தப் பாத்து பயமாப் போச்சுன்னு சொன்னீங்களா, பாவமாப் போச்சுன்னு சொன்னீங்களா?”

“பயமா? எனக்கு இன்னாடா பயம்?” முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, “அப்டியெல்லாம் நான் ஒண்ணும் சொல்லல. நீயா எதுனா எழுதிக்காத” என்றார். உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அதனால் இப்போது என்னிடம் இரண்டு சாட்சியங்கள் இருக்கின்றன. ஒன்று, தெளிவாகப் பதிவான 38 நிமிடம். அதில் வேலை கிடைத்ததால் அவர் பிரான்சுக்குப் போகவில்லை. இன்னொன்று, என் தலைக்குள் மட்டும் இருக்கிற, ஒரு சொல் தேய்ந்துபோன ஒரு மணி 42 நிமிடம். அதில் அவர் காகிதத்தோடு வாசல்வரை போய்த் திரும்பினார். வரலாறு படித்தவர்கள் முதலாவதைத்தான் ஆதாரம் என்பார்கள். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. ஆனால் அதைக் கேட்ட ஒரே காது என்னுடையது என்பதால், அந்த நம்பிக்கையையும் முழுசாக நம்ப முடியவில்லை.

அன்று ராத்திரி நோட்டில் எழுதி வைத்தேன். தேதி, இடம், யார் யார் இருந்தார்கள், போன் எப்படிக் கெட்டது, முதல் தடவை என்ன கேட்டேன், இரண்டாம் தடவை என்ன சொன்னார், எதை மறுத்தார், எல்லாம். அந்த வரிக்கு வந்தபோது ‘பயமா / பாவமா’ என்று நடுவில் கோடு போட்டு எழுதினேன். எந்தப் பக்கத்தையும் அடிக்கவில்லை. ‘தாத்தா 1’ கோப்பையும் அழிக்கவில்லை. போனில் இடம் அடைக்கிறது என்று அவ்வப்போது எச்சரிக்கை வருகிறது. இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.